திறந்த உலக நிகழ்பட விளையாட்டுகளில் பொழுதைக் கட்டுப்படுத்துதல்

திறந்த உலக விளையாட்டு என்பது, விளையாடுபவர் ஒரு பெரிய நிலப்பரப்பில் தம் விருப்பப்படி சுற்றித் திரியக்கூடிய நிகழ்பட விளையாட்டு ஆகும். இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் சூரியன் உதித்து மறையும். கடைகள் காலையில் திறந்து இரவில் மூடும். சில எதிரிகள் இருட்டில் மட்டும் வருவார்கள். எனவே பொழுதை முன்னே தள்ளவும், நிறுத்தவும், சில நேரங்களில் பின்னே கொண்டுவரவும் விளையாடுபவர்கள் விரும்புகிறார்கள். விளையாட்டுக்குள் உள்ள வசதி, கட்டளை, சேமிப்புக் கோப்பைத் திருத்துதல், கருவியின் கடிகாரத்தை மாற்றுதல் என இதற்கு நான்கு வழிகள் உள்ளன.

நான்கு வழிகளும் ஒரே விளைவைத் தருவதில்லை. கடிகாரத்தை மாற்றுவது வேறு, அந்த நேரம் உலகில் உண்மையில் கழிவது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் எண்களை மாற்றும்போதுதான் பல மாதம் உழைத்து உருவாக்கிய ஒரு சேமிப்பு பயனற்றுப் போகிறது.

நிலமும் பொழுதும்

தமிழ் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படும். ஒரு நாளை மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிப்பர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொழுது உண்டு.

திறந்த உலக விளையாட்டை வடிவமைப்பவர்களும் இந்த இரண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். முதலில் நிலப்படம், அடுத்து அதன்மேல் நகரும் சூரியன். எந்த விலங்கு எங்கே வரும், எந்த மனிதர் எப்போது வீட்டில் இருப்பார் என்பவை அதற்குப் பிறகே தீர்மானிக்கப்படுகின்றன.

ஒரு நாளின் நீளம்

விளையாட்டு உலகின் ஒரு நாள் நம்முடைய 24 மணி நேரம் நீடித்தால், மாலையில் மட்டும் விளையாடுபவர் அங்கே நண்பகலைப் பார்க்கவே முடியாது. அதனால் நாள் சுருக்கப்படுகிறது. நமது ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள். இதை விளையாட்டு நாளின் உண்மையான நீளத்தால் வகுத்தால், காலம் எத்தனை மடங்கு வேகமாக ஓடுகிறது என்பது கிடைக்கும்.

- மைன்கிராஃப்ட்: ஒரு நாள் 20 நிமிடம், 72 மடங்கு வேகம்.
- கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் (2004): 24 நிமிடம், 60 மடங்கு.
- தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017): 24 நிமிடம், 60 மடங்கு.
- கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 (2013): 48 நிமிடம், 30 மடங்கு.
- ஸ்கைரிம் (2011): 72 நிமிடம், 20 மடங்கு.

ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். ஆகவே சான் ஆண்ட்ரியாஸிலும் பிரெத் ஆஃப் தி வைல்டிலும் ஒரு முழு நாள் மிகச் சரியாக ஒரு நாழிகையில் முடிகிறது. அங்கே ஒரு விளையாட்டு நிமிடம் நமது ஒரு நொடி. ஒரு சிறுபொழுது நமது நான்கு நிமிடம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 இரண்டு நாழிகையையும், ஸ்கைரிம் மூன்று நாழிகையையும் எடுத்துக்கொள்கின்றன. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசை வயது வந்தோருக்கு உரியது, கால அமைப்பை விளக்கவே இங்குக் குறிப்பிடப்படுகிறது.)

கோச்சடையின் சூரியனும் விளையாட்டின் சூரியனும்

நமது உலகில் கடிகாரம் என்பது மக்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. மதுரை மாநகரின் மேற்கே, வைகையின் தென்கரையில் உள்ள கோச்சடையை எடுத்துக்கொள்வோம். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டு 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோச்சடை ஏறத்தாழ 78.1 பாகையில் உள்ளது. வேறுபாடு 4.4 பாகை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், கோச்சடையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 17 நிமிடம் 36 நொடி அளவுக்குத் தாமதமாகும்.

வைகைக் கரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் மிகவும் குறுகும் நேரத்தைக் குறித்தால் இதைக் காணலாம். நவம்பர் தொடக்கத்தில் அது 12:01 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12:32 அளவிலும் நிகழும். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கு ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம் வேறுபாடும் உண்டு. நம் கைக்கடிகாரத்தை 12:00 என்று திருப்பி வைத்தாலும் நிழல் அசையாது.

விளையாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே முதலில் இருப்பது ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்தே சூரியன் வானில் எங்கே வரையப்பட வேண்டும், நிழல் எவ்வளவு நீள வேண்டும், விளக்குகள் எரிய வேண்டுமா என்பதைக் கணினி முடிவு செய்கிறது. எண்ணை மாற்றினால் சூரியன் உடனே இடம் மாறும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நடக்காத பொருள்களும் அதே உலகில் உள்ளன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சேமிப்புக் கோப்பில் காலம்

விளையாட்டை நிறுத்தும்போது உலகின் நிலை ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. பேச்சுவழக்கில் இதை ‘சேவ்’ என்பர். அதில் காலம் தொடர்பாகப் பொதுவாக நான்கு வகைத் தகவல்கள் இருக்கும்.

1. இப்போதைய பொழுது: காலையா, இரவா என்பதைக் காட்டும் எண்.
2. நாள் எண்: உலகம் தொடங்கி எத்தனையாவது நாள் என்பது.
3. மொத்தக் கணக்கு: விளையாட்டு உண்மையில் ஓடிய நேரம்.
4. தவணைகள்: இந்தக் கடை எப்போது புதிய சரக்கு பெறும், இந்தப் பணி எப்போது காலாவதியாகும் என்பன.

நான்காவது வகைதான் பலரும் மறப்பது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: விளையாட்டின் கடிகாரம் 500ஆவது மணியில் நிற்கிறது. ஒரு கடை 48 மணி நேரம் கழித்துச் சரக்கு பெறும். ஆகவே கோப்பில் 548 என்று எழுதப்பட்டுள்ளது. விளையாடுபவர் கோப்பைத் திருத்திக் கடிகாரத்தைப் பத்து நாள் பின்னே, அதாவது 260க்குக் கொண்டு செல்கிறார். கடையின் எண் 548ஆகவே இருக்கும். இப்போது அவர் காத்திருக்க வேண்டியது 288 மணி நேரம். இரண்டு நாள் தவணை பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மாறாகக் கடிகாரத்தை 2000க்குத் தள்ளினால் எல்லாத் தவணைகளும் ஒரே நொடியில் முடிந்துபோகும். காலக்கெடு உள்ள பணிகள் தோல்வி எனப் பதிவாகும். அதன்மேல் ஒருமுறை சேமித்துவிட்டால் பழைய நிலை கிடைக்காது.

மைன்கிராஃப்ட்: ஒரு கணக்கு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் காலத்தின் அலகு ‘டிக்’. ஒரு நொடிக்கு 20 டிக். ஒரு நாளுக்கு 24,000 டிக். எண் 0 என்பது காலை 6 மணி. 6,000 நண்பகல், 12,000 மாலை 6 மணி, 18,000 நள்ளிரவு. டிக் எண்ணை 1000ஆல் வகுத்து 6 கூட்டினால் மணி கிடைக்கும். விடை 24 அல்லது அதற்கு மேல் வந்தால் 24ஐக் கழிக்க வேண்டும்.

ஜாவா பதிப்பின் உலகக் கோப்பான ‘லெவல்.டேட்’ நெடுங்காலமாக இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்திருந்தது. ‘டேடைம்’ என்பது பொழுது. ‘டைம்’ என்பது உலகம் ஓடிய மொத்த டிக். பொழுதை மாற்றும் கட்டளை முதல் எண்ணை மட்டுமே மாற்றும்.

ஓர் உலகில் டேடைம் 254,500 என்று இருக்கிறது என்று கொள்வோம். 24,000ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 14,500. பத்து நாள்கள் முடிந்து பதினோராம் நாள் நடக்கிறது. 14.5 உடன் 6 கூட்ட 20.5; அதாவது இரவு 8:30 மணி. காலை 7 மணிக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ‘டைம் செட்’ கட்டளையால் எண்ணை 1,000 என்று வைப்பது. பொழுது விடியும். ஆனால் பல பதிப்புகளில் முடிந்த பத்து நாள்களும் அந்த எண்ணிலிருந்து மறைந்துவிடும். மைன்கிராஃப்டில் நிலவு எட்டு நாள் சுழற்சி கொண்டது. முதல் நாள் முழுநிலவு. எண் 1,000 ஆனதும் நிலவு மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பும். இரண்டாவது வழி, ‘டைம் ஆட்’ கட்டளையால் 10,500 டிக் கூட்டுவது. எண் 265,000 ஆகும். பொழுதும் விடியும், நாள் கணக்கும் கெடாது. நாள் எண்ணை வைத்துத் தங்கள் உலகின் வரலாற்றை எழுதி வருபவர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது.

பொழுது ஓடாமல் நிறுத்தி வைக்கவும் ஒரு விதி உண்டு. அதன் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. கட்டடம் கட்டுவோர் பகல் வெளிச்சத்தை நிலையாக வைக்க இதைப் பயன்படுத்துவர்.

கடிகாரம் தாண்டினால் கோதுமை விளையுமா?

மைன்கிராஃப்டில் விளையாடுபவர் கோதுமை விதைத்துவிட்டுக் கட்டிலில் உறங்குகிறார். இரவு நொடியில் கடந்து காலையாகிறது. வயலுக்குப் போனால் பயிர் வளர்ந்திருக்காது. காரணம், அங்கே பயிர் கடிகாரத்தைப் பார்த்து வளர்வதில்லை. விளையாட்டு ஓடும் ஒவ்வொரு டிக்கிலும், விளையாடுபவருக்கு அருகே உள்ள நிலப்பகுதிகளில் சில கட்டங்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அப்படித் தேர்வான கட்டத்தில் பயிர் இருந்து, போதிய வெளிச்சமும் இருந்தால் அது வளரும் வாய்ப்புப் பெறுகிறது. உறக்கத்தில் தாண்டிய நேரத்தில் டிக் எதுவும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த இரும்பும் உருகியிருக்காது. தீப்பந்தம் நட்டுவிட்டு இரவு முழுவதும் அருகிலேயே வேலை செய்தவரின் வயல்தான் வளர்ந்திருக்கும்.

ஃபேன்டம் என்னும் பறக்கும் அரக்கனும் இத்தகையதே. மூன்று விளையாட்டு நாள்கள் உறங்காதவரை அது இரவில் தேடி வரும். கட்டளையால் இரவைப் பகலாக்கிக்கொண்டே இருப்பவர் உறங்கியவர் ஆகமாட்டார். உறங்காமல் கழிந்த டிக்குகள் தனியே எண்ணப்படுகின்றன.

வேறு விளையாட்டுகள் வேறு முறையைப் பின்பற்றுகின்றன. ஸ்கைரிமில் ஒரே முறையில் 24 மணி நேரம் வரை காத்திருக்கலாம். எதிரி அருகில் இருந்தால் முடியாது. காத்திருந்த நேரம் உண்மையில் கழிந்ததாகவே கொள்ளப்படும். வணிகர்களின் சரக்கு 48 விளையாட்டு மணிக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதால் இரண்டு முறை காத்திருந்தால் போதும். ஆனால் குணப்படுத்தாத சில நோய்களும் அதே கணக்கில் முற்றும். ஸ்டார்டியூ வேலி (2016) என்னும் வேளாண்மை விளையாட்டில் உறங்கினால்தான் நாள் மாறும். நாள் மாறினால்தான் நீர் பாய்ச்சிய பயிர் ஒரு படி வளரும். ஆகவே பொழுதை மாற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த விளையாட்டு தாண்டிய நேரத்தைக் கணக்கில் சேர்க்கிறதா, இல்லையா?

சேமிப்பும் பொழுதும் இணைந்த முறைகள்

சில விளையாட்டுகளில் சேமிக்கும் செயலே பொழுதை நகர்த்துகிறது. சான் ஆண்ட்ரியாஸில் ஒருமுறை சேமித்தால் கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னே போகும். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5இல் மூன்று கதைமாந்தர்களும் கட்டிலில் உறங்கிச் சேமிக்கும்போது மைக்கேலுக்கு 6 மணி, ஃபிராங்க்ளினுக்கு 8 மணி, டிரெவருக்கு 12 மணி கழியும். கைப்பேசி வழியே விரைவாகச் சேமித்தால் நேரம் நகராது.

பிரெத் ஆஃப் தி வைல்டில் தீ மூட்டி அமர்ந்து காலை, நண்பகல், இரவு என ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதே வரிசையின் ஆக்கரினா ஆஃப் டைம் (1998) விளையாட்டில் ஓர் இசைக்கருவியில் சூரியப் பாடலை வாசித்தால் பகல் இரவாகும். அடுத்து வந்த மஜோராஸ் மாஸ்க் (2000) மூன்று நாள்களையே மீண்டும் மீண்டும் வாழும் கதை. காலப் பாடலை வாசித்தால் முதல் நாள் காலைக்குத் திரும்பிச் சேமிக்கலாம். அப்போது கையில் உள்ள காசும் அம்பும் போய்விடும். வங்கியில் போட்ட காசு மட்டும் இருக்கும்.

போக்கிமோன் கோல்டு, சில்வர் (1999) விளையாட்டுகளின் பேழைக்குள் உண்மையான கடிகாரமும் அதை இயக்கச் சிறு மின்கலமும் இருந்தன. சேமிப்பைத் தாங்கியதும் அதே மின்கலம்தான். பல ஆண்டுகளுக்குப் பின் மின்கலம் தீர்ந்தபோது கடிகாரத்துடன் சேமிப்பும் அழிந்தது.

கருவியின் கடிகாரத்தை மாற்றுதல்

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் (2020) போன்ற விளையாட்டுகள் கருவியின் உண்மையான நேரத்தையே எடுத்துக்கொள்கின்றன. கருவியின் தேதியை முன்னே தள்ளினால் மரம் வளர்ந்திருக்கும்; களையும் வளர்ந்திருக்கும். பின்னே இழுத்தால், விற்பதற்காக வாங்கி வைத்த டர்னிப் கிழங்குகள் அழுகிவிடும். நேரத்தைத் திருப்பி விலை பார்த்து விற்பதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் வைத்த தடை இது.

கைப்பேசியில் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் தேதியைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன. முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் உறுதிக் குறியீடுகளும் சரியான நேரத்தை நம்பியே இயங்குகின்றன. ஒரு விளையாட்டுக்காக வீட்டுக் கைப்பேசியின் தேதியை மாற்றிவிட்டால், வீட்டில் மற்றவர் பணம் செலுத்த முயலும்போது இணைப்பு மறுக்கப்படலாம். காரணமும் எளிதில் புலப்படாது.

பலர் சேர்ந்து விளையாடும் உலகில்

ஒரே உலகில் பலர் இருக்கும்போது பொழுது தனி ஒருவருடையது அன்று. மைன்கிராஃப்ட் வழங்கியில் வழக்கமான அமைப்பில் எல்லாரும் உறங்கினால்தான் இரவு கழியும். கட்டளையிடும் உரிமை உள்ளவர் பொழுதை மாற்றினால் எல்லாருக்கும் மாறும். ஒருவர் இரவுக்காகக் காத்திருந்திருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

சேமிப்பைக் காப்பது எப்படி

1. விளையாட்டுக்குள் உள்ள உறக்கம், காத்திருப்பு போன்ற வசதியை முதலில் பயன்படுத்தவும். தவணைகளை அதுவே முறைப்படி சரிசெய்யும்.
2. அடுத்து, விளையாட்டே தரும் கட்டளையைப் பயன்படுத்தவும். மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பில் ஏமாற்று வசதியை இயக்கினால் அந்த உலகில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்கா என்பதை முன்பே அறியவும்.
3. கோப்பைத் திருத்துவது கடைசி வழி. திருத்துமுன் விளையாட்டை முழுவதுமாக மூடி, சேமிப்புக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் நகலெடுக்கவும். நகலுக்குத் தேதியிட்டுப் பெயர் வைக்கவும்.
4. மேகச் சேமிப்பு இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தவும். இல்லையெனில் கெட்ட கோப்பு நல்ல நகலின்மேல் எழுதப்படலாம்.
5. பல கோப்புகளில் சரிபார்ப்புத் தொகை உண்டு. ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் தொகை பொருந்தாமல் விளையாட்டு கோப்பையே ஏற்க மறுக்கும்.
6. யாரோ இணையத்தில் இட்ட திருத்தி நிரல்களைச் சோதிக்காமல் இயக்கக் கூடாது. தீநிரல்கள் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.
7. கடிகாரத்தைப் பின்னே கொண்டுசெல்ல வேண்டுமானால், எண்ணைக் குறைப்பதைவிட அந்த நாளில் எடுத்த பழைய சேமிப்பைத் திறப்பதே பாதுகாப்பானது. அதில் பொழுதும் தவணைகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்.

விளையாடுபவரின் நேரம்

மேற்கண்ட வழிகள் எதுவும் விளையாடுபவரின் சொந்தக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஸ்டார்டியூ வேலியில் காலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை ஒரு நாள். பத்து விளையாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழு நொடி. இருபது மணி நேரத்தில் 120 பத்து நிமிடங்கள், 840 நொடி, அதாவது 14 நிமிடம். நாள் முடிந்து உறங்கினால்தான் சேமிப்பு. எனவே இடையில் எழுந்து போக மனம் வருவதில்லை. ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று ஐந்து முறை சொன்னால் 70 நிமிடம் போயிருக்கும்.

விளையாடத் தொடங்குமுன் எத்தனை விளையாட்டு நாள் என்று தாளில் எழுதி, அதை அந்த விளையாட்டின் நாள் நீளத்தால் பெருக்கிப் பார்ப்பது மாணவர்களுக்கு உதவும். 24 நிமிட நாள் கொண்ட விளையாட்டில் ஐந்து நாள் என்றால் இரண்டு மணி நேரம். அடுத்த நாள் தேர்வு இருந்தால் இரண்டு நாளோடு, அதாவது 48 நிமிடத்தோடு நிறுத்திச் சேமித்துவிடலாம். சேமித்த உலகம் எத்தனை நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும்.